இலவச மாத்திரைக்கும் ஒரு விலை உண்டு: ஆரம்ப சுகாதாரம் பற்றிய கேள்வி பதில்

கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: என் தாயார் விவசாயக் கூலி. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இலவசமாகக் கிடைத்தும் இரண்டு மாதம் வாங்குகிறார், மூன்றாம் மாதம் விட்டுவிடுகிறார். இது அலட்சியம்தானே?

பதில்: அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாத்திரைக்கு விலை இல்லை என்றாலும், அதை வாங்கப் போகிற நாளுக்குக் கூலியும் இல்லை. நடவுக் காலத்தில் ஒருநாள் வேலையை விட்டால் அடுத்த நாள் கூப்பிடுவார்களா என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. தலைசுற்றுகிற அன்று மட்டும் விழுங்கி, மீதியை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் பத்திரப்படுத்தி வைத்திருந்த அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடைவெளியை அடைக்க வந்த திட்டம்தான். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தத்தை அளந்து மாத்திரை கொடுப்பார். உங்கள் துணை சுகாதார நிலையத்தில் தாயாரின் பெயரைப் பதிவதோடு, அவர் வீட்டில் இருக்கும் நேரத்தையும் சொல்லிவையுங்கள். தன்னார்வலர் பத்து மணிக்கு வந்தால் தாயார் வயலில் இருப்பார்.

கேள்வி: செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசா குடும்பத்துப் பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. குடும்ப அட்டை இல்லை. பார்ப்பார்களா?

பதில்: கட்டாயம் பார்க்க வேண்டும், பரிசோதனைக்கும் பிரசவத்துக்கும் குடும்ப அட்டை தேவையில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்து தாய் சேய் நல எண்ணை இப்போதே வாங்கிக்கொடுங்கள். பருவம் முடிந்து ஊர் திரும்பும்போது பரிசோதனைக் குறிப்புகளும் அவர் கையோடு போக வேண்டும். முதல் முறை நீங்களே துணைக்குச் செல்லுங்கள், ஏனெனில் மொழி தெரியாமல் வாசலோடு திரும்பியவர்களை நான் அறிவேன்.

கேள்வி: முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பதில்: அந்த அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது, மாதாந்தர மாத்திரைக்கு உதவாது.

கேள்வி: மலைக் கிராமங்களுக்கு ஏன் இன்னும் எட்டவில்லை?

பதில்: சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பதே விதி, துணை நிலையத்துக்கு அது முறையே 5,000, 3,000. மலைக்கு எண்ணைக் குறைத்தது நியாயமே. ஆனாலும் தலைகளை எண்ணும் விதி தூரத்தை எண்ணுவதில்லை. சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து 3,000 பேரைக் கூட்டினால், கடைசி வீட்டுக்காரர் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு பல மணி நேரம் இறங்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், மலையில் நடை நேரத்தைக் கொண்டே நிலையத்தின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். பேறுகாலம் நெருங்கும் பெண்ணை முன்கூட்டியே அடிவாரத்துக்கு அழைத்துவந்து தங்கவைப்பதுதான் இப்போதைக்கு எங்களுக்குத் தெரிந்த வழி. அப்போதும், வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் அவர் முதலில் கேட்பார்.