கிட் வேண்டாம், பலகையும் செங்கலும் போதும்

கேள்வி: ஆறு வயது மகளுக்கு நெம்புகோல், கப்பி போன்ற எளிய இயந்திரங்களை வீட்டிலேயே செய்து காட்ட ஆசை. பிளாஸ்டிக் கிட் வாங்கலாமா? எதில் தொடங்குவது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கிட் வேண்டாம். அதில் வரும் பாரம் விரல் நுனியிலேயே தூக்கிவிடும் அளவுக்கு லேசு. கனம் தெரிந்தால்தானே அது குறைந்ததும் குழந்தைக்குத் தெரியும்?

நெம்புகோலில் தொடங்குங்கள். ஒரு மீட்டர் பலகை (3 அங்குல அகலமாவது இருக்கட்டும்), ஒரு செங்கல், 2 கிலோ அரிசிப் பை. முதலில் பையை அவள் கையால் தூக்கிப் பார்க்கட்டும். பிறகு செங்கலைப் படுக்கவைத்து, அதன்மேல் பலகையின் நடுப்பகுதி வரும்படி வையுங்கள். ஒரு நுனியில் பையை வைத்து மறுநுனியை அமுக்கச் சொல்லுங்கள். அடுத்து, பை இருக்கும் நுனியிலிருந்து 25 செ.மீ. தள்ளிச் செங்கலை வையுங்கள். இப்போது அமுக்குவது லேசாகிவிடும்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்கேலை அவள் கையில் கொடுங்கள். செங்கல் 7.5 செ.மீ. உயரம் என்றால், அவள் பக்கத்து நுனி 30 செ.மீ. இறங்கும்போது பை இருக்கும் நுனி 10 செ.மீ.தான் ஏறும். பலம் குறைந்தது சும்மா இல்லை, கை கூடுதல் தூரம் போயிருக்கிறது. பெயர்களை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பை வழுக்கினால் சணலால் பலகையோடு கட்டுங்கள். டைல்ஸ் தரையில் செங்கல் நகரும்; அடியில் ஈரச் சாக்கு விரியுங்கள். செங்கலைப் பைக்கு மிக அருகில் கொண்டுபோனால் பலகையின் எடையே பையைத் தூக்கிவிடலாம், பிள்ளை குழம்பிவிடும். கையை எடுத்ததும் பலகை மேலே துள்ளும் என்பதால் முகத்தை அதற்கு மேலே நீட்ட விடாதீர்கள். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர்ச் சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்புவதைத் தள்ளி நின்று காட்டுங்கள். பலகையில் செய்ததுதான் அது என்று அவளே சொல்லிவிடுவாள்.

கப்பியில் பெற்றோரே தவறிவிடுகிறார்கள். கிணற்றுக்கு மேலே மாட்டிய ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காது. மேலே இழுக்க வேண்டியதைக் கீழ்நோக்கி இழுக்க வைக்கிறது, அவ்வளவுதான். பாரம் பாதியாக வேண்டுமென்றால் கப்பியை வாளிக் கைப்பிடியில் கட்டுங்கள். கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்து, கப்பி வழியாகக் கொண்டுவந்து மறுமுனையை மேல்நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். வாளியில் 2 லிட்டர் தண்ணீர் போதும். வாளி 30 செ.மீ. ஏற, கை 60 செ.மீ. இழுக்கும். மெல்லிய நைலான் நூல் கப்பியின் பள்ளத்திலிருந்து நழுவும், கையையும் அறுக்கும். பருத்திக் கயிறே நல்லது.

சக்கரமும் அச்சும் காட்ட, கோடையில் நுங்கு வண்டி செய்யுங்கள். தின்று முடித்த இரண்டு கூடுகளின் சரிநடுவில் குச்சியைச் செருகி, நடுவே கவட்டைக் கம்பால் தள்ளினால் ஓடும். துளை நடுவில் இல்லையென்றால் வண்டி தத்தித் தத்திப் போகும். வேண்டுமென்றே அப்படி ஒன்று செய்துகாட்டுங்கள். கவட்டை உரசும் இடத்தில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் உராய்வு குறைவது கையிலேயே தெரியும்.

ஆப்பும் எளிய இயந்திரம்தான்; அதற்கு அரிவாள்மனையை நீங்கள் பயன்படுத்தும்போது காட்டலாம். அவள் கைக்குக் கதவடியில் செருகும் மரக்கட்டை போதும்.