வாக்ஸ் மெல்ட் தொழிலுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன். வீட்டிலேயே வாசனை வாக்ஸ் மெல்ட் (திரி இல்லாமல், சூட்டில் உருக்கினால் மணம் தரும் மெழுகுக் கட்டி) செய்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். 60 கிராம் பாக்கெட் 120 ரூபாய், கொரியர் இலவசம். பொருள் செலவு 35 ரூபாய்தான். மாதம் 60 பாக்கெட் போகிறது, பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் கேட்கிறார்கள். ஐந்து பவுன் நகையை அடகு வைத்து 2 லட்சம் வாங்கி மெல்டர் மெஷினும் மெழுகும் மொத்தமாக வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாங்க, இப்போதைக்கு நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

பாக்கெட்டுக்கு 85 ரூபாய் லாபம் என்று மனதில் வைத்திருக்கிறீர்கள் போல. கொரியருக்கு 45 ரூபாய் உங்கள் கையிலிருந்துதானே போகிறது? பபிள் ராப், அட்டைப்பெட்டி, லேபிள் எல்லாம் சேர்த்து 8 ரூபாய், உடைந்து போவது, சும்மா கொடுக்கும் சாம்பிள் வகையில் 5 ரூபாய் என்று வையுங்கள். மிச்சம் 27 ரூபாய். அறுபது பாக்கெட்டுக்கு 1,620 ரூபாய், அதிலும் உங்கள் கூலியை இன்னும் கழிக்கவில்லை. 2 லட்சத்துக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி என்றாலே 2,000 ரூபாய் ஆகிவிடும். வட்டி கட்டவே லாபம் போதாது, அசலை எதிலிருந்து அடைப்பீர்கள்?

மெஷின் விஷயம் இன்னும் வேடிக்கை. அறுபது பாக்கெட் என்பது மொத்தம் 3.6 கிலோ மெழுகு. கொதிக்கும் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து உருக்கினால் ஒரே மதியத்தில் முடிகிற வேலை அது.

முதலில் ஒற்றைப் பாக்கெட்டுக்கு இலவச கொரியர் கொடுப்பதை நிறுத்துங்கள். மூன்று பாக்கெட்டாக வாங்கினால்தான் இலவசம் என்று போட்டுவிடுங்கள், மூன்றும் சேர்ந்தாலும் பார்சல் அரை கிலோவைத் தாண்டாது என்பதால் அதே 45 ரூபாயில் போய்விடும், பாக்கெட்டுக்கு மிஞ்சுவது 57 ரூபாய்க்குக் குறையாது. ஒன்று மட்டும் வேண்டும் என்பவர் கொரியர் காசைக் கொடுக்கட்டும்.

அப்புறம், நம் ஊரில் ஊதுபத்தி ஏற்றத் தீப்பெட்டி போதும், இதற்கோ மெழுகை உருக்கும் பர்னர் வேண்டும். அது இல்லாத வீட்டில் ஒருமுறை பரிசாகப் போன பாக்கெட் அலமாரியிலேயே கிடக்கும், மறுபடி ஆர்டர் வராது. மேலே சின்னக் கிண்ணம் உள்ள மின்சாரக் கற்பூர பர்னர் பல வீட்டில் இருக்கிறது. அதில் வைத்து உருக்குவதை வீடியோ எடுத்துப் போடுங்கள். பர்னரும் மூன்று பாக்கெட்டும் சேர்ந்த செட் ஒன்றும் போடலாம்.

வாசனையில் ஆசைப்படாதீர்கள். இருபது வாசனை எண்ணெய் வாங்கினால் பதினைந்து பாட்டில் முடங்கும். மல்லி, சாம்பிராணி, சந்தனம் என்று மூன்றோடு நில்லுங்கள். சோயா மெழுகை ஊற்றிய பிறகு வாசனை நன்றாகப் பிடிக்க ஒன்று இரண்டு வாரம் வைக்க வேண்டுமே, அவ்வளவு நாளும் நீங்கள் போட்ட பணம் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் கொரியர் வண்டிக்குள் கட்டி குழைந்து ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு, அந்த மாதங்களில் சரக்கைக் குறைத்து உள்ளூரிலேயே கொடுங்கள், அல்லது உருகுநிலை அதிகமுள்ள மெழுகுக்கு மாறுங்கள். இதற்காகவே சொல்கிறேன், மெழுகை மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள்.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை ஆதார் வைத்து நீங்களே இணையத்தில் செய்யலாம், கட்டணம் கிடையாது, ஏஜென்ட் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டிக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் என்ற வரம்பு மாநிலத்துக்குள் பொருள் விற்பவர்களுக்கு. பெங்களூருவுக்கோ கொச்சிக்கோ அனுப்பத் தொடங்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்று பாக்கெட் ஆர்டர்களாகவே மாதம் 200 பாக்கெட், தொடர்ந்து நான்கு மாதம் போனால் கடனைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் நகை வேண்டாம், சிறு தொழிலுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் வங்கியில் கேளுங்கள். அதுவரை விற்ற காசிலேயே சரக்கு வாங்குங்கள், அந்தக் கணக்கை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனி நோட்டில் எழுதுங்கள்.