ஆடையும் நெசவாளியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: "என் உடம்பு" என்கிறோம். அப்படியானால் உடம்பை உடையவன் வேறொருவன் இருக்கிறான் என்றுதானே ஆகிறது?

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. "என் உயிர் போகிறது" என்றும் சொல்கிறோமே, அந்த உயிருக்கு உடையவன் யார்? சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடம்புக்குள் ஆன்மா உண்டு என்பதற்கு அதன் ஆசிரியர் மெய்கண்டார் அடுக்கும் பல காரணங்களில் 'எனது உடல் என்றலின்' என்பதும் ஒன்று, அவ்வளவுதான். அதைவிட வலுவானது 'கண்படில் உண்டிவினை இன்மையின்' என்பது. உறங்கும்போது மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே நுகர்பவன் மூச்சு அல்ல, வேறு. ஆனால் வேறு என்பது வேறு, அழியாதது என்பது வேறு. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: நைந்த துணியைக் களைந்து புதியது உடுத்துவது போல என்று கீதை சொல்கிறதே, அது போதாதா?

பதில்: ஆன்மா அழியாது என்று முன்பே ஏற்றுக்கொண்டவருக்கு அது அருமையான விளக்கம். ஏற்காதவருக்கு அது நிரூபணம் ஆகாது. கிட்டத்தட்ட அதே உவமையை எதிர்ப்பக்கம் திருப்பியவர் ஒருவர் உண்டு. பிளேட்டோவின் 'ஃபீடோ' உரையாடலில், கி.மு. 399இல் சாக்ரடீஸ் நஞ்சருந்தப்போகும் நாளில், அவருடைய நண்பர் செபீஸ் கேட்கிறார்: நெசவாளி தன் ஆயுளில் பல மேலாடைகளை நெய்து உடுத்திக் கிழிக்கிறான், ஆனாலும் கடைசி ஆடை அவனுக்குப் பின்னும் கிடக்கிறதே? ஆடையைவிட ஆள் நீடிப்பவன் என்பதால், ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று ஆகுமா? பல பிறவிகளைக் கடந்த உயிரும் ஏதோ ஒரு சாவில் தேய்ந்து முடிந்துபோகலாம்.

சாக்ரடீஸின் பதில்: உயிர் எதில் புகுந்தாலும் வாழ்வைக் கொண்டுவரும், ஆகவே வாழ்வுக்கு எதிரான சாவை அது ஏற்காது, பனி வெப்பத்தை ஏற்காதது போல. ஓட்டை அந்தப் பனியிலேயே இருக்கிறது. சூடான பனி என்று ஒன்று கிடையாது, சரி. ஆனால் சூடு வந்தால் பனி விலகிப் போகலாம், உருகியும் போகலாம். 'செத்த உயிர்' என்ற சொற்சேர்க்கை பொருந்தாது என்பதைத்தான் வாதம் காட்டுகிறது. உயிர் இல்லாமலே போகாது என்பதற்குத் தனிக் காரணம் வேண்டும். 'சாவற்றது அழியாது' என்று செபீஸ் சட்டென ஒத்துக்கொள்வது எனக்கு அவசரமாகவே படுகிறது.

கேள்வி: மணிமேகலைக் காப்பியத்தில், உணர்வு என்பது நிலம், நீர் போன்ற பூதங்களின் கூட்டே என்று வாதிடும் பூதவாதியை மணிமேகலை வென்றாளா?

பதில்: பாதி. தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடினால் மதுவின் களிப்பு பிறப்பது போல, பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும்; அவை பிரிந்தால் பறையோசை போல அது கெடும் என்கிறான் அவன். கண்கூடாகக் காண்பது அல்லாத வேறு அளவையை, அதாவது அறியும் வழியை, ஏற்க மாட்டேன் என்பது அவன் நிபந்தனை. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்டு அந்த நிபந்தனையை உடைக்கிறாள் மணிமேகலை. தாதகிப்பூவையும் வெல்லக்கட்டியையும் அவள் தொடவே இல்லை.