வாசகர் கேள்வி: குழந்தைகளுக்கு எம்.எஸ்ஸை எப்படிச் சொல்வது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, பாட்டு வகுப்புக்குப் போகிறாள். அவளுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி பற்றி ஒரு படப் புத்தகம் நானே எழுதி, என் தங்கையைப் படம் வரையச் சொல்லலாம் என்று இருக்கிறேன். பிறப்பு, பள்ளி, கச்சேரி, விருது என்று வரிசையாக எழுதிப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து விளையாடப் போய்விட்டாள். எங்கே சறுக்கியிருக்கிறேன்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அவள் எழுந்து போனதே உங்களுக்கு நல்ல விமர்சனம். '1916 செப்டம்பர் 16 அன்று மதுரையில் பிறந்தார்' என்ற வரியில் ஒரு குழந்தை பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 1966-ல் ஐ.நா. சபையில் பாடியது, 1968-ல் சங்கீத கலாநிதி பெற்ற முதல் பெண், 1998-ல் பாரத ரத்னா, இதெல்லாம் நமக்குப் பெரிய விஷயம். ஏழு வயதுப் பிள்ளைக்கு விருது என்றால் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்வது, அவ்வளவுதான். அவளும் பாடுகிற பெண். அவளுக்குத் தெரிய வேண்டியது அந்தக் குரல் எப்படி உருவானது என்பதுதான். புத்தகம் முழுவதையும் சிறுவயதுக்கே கொடுத்துவிடுங்கள், விருதுகள் கடைசிப் பக்கத்தில் நான்கு வரியில் அடங்கிவிடும்.

சிறுவயதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எவ்வளவோ இருக்கிறது! வீட்டில் அவருக்குக் குஞ்சம்மா என்று பெயர். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர், அண்ணன் சக்திவேல் மிருதங்கம், தங்கை வடிவாம்பாள் வீணை. முதல் மேடை பற்றி எம்.எஸ். நினைவுகூர்ந்திருப்பதைப் படித்தால் படப் புத்தகத்துக்கென்றே நடந்தது போல இருக்கும்: மதுரை சேதுபதி பள்ளியில் அம்மாவின் வீணைக் கச்சேரி நடக்கிறது, வெளியே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த குஞ்சம்மாவை யாரோ தூக்கி, கையையும் பாவாடையையும் தட்டிவிட்டு, மேடைக்குக் கொண்டுபோகிறார்கள், அம்மா பாடச் சொல்கிறார், அவரும் பாடுகிறார், ஆனால் நினைப்பு முழுக்க அந்த மண் விளையாட்டிலேயே இருக்கிறது. இதைப் படித்துக் காட்டும்போது உங்கள் மகள் எழுந்து போகமாட்டாள்.

கிராமபோனைக் கேட்டுவிட்டு, காகிதத்தைச் சுருட்டி வாயருகே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பாடிப் பார்த்ததும் அவர் சொன்னதுதான். அதற்கு அடுத்த பக்கத்தில் பத்து வயதில் அவர் உண்மையாகவே இசைத்தட்டுக்குப் பாடியதை வையுங்கள். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும், அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். இந்த ஒரு தகவலுக்கே குழந்தைகள் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது தம்புரா, பாடுகிறவருக்குச் சுருதி கொடுக்கிற தந்தி வாத்தியம். அதை மீட்டிக்கொண்டே பாடுவார், நடுவில் மீட்டுவதை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் தொடர்வார், அப்புறம் தந்தியைத் தொட்டு, தான் இன்னும் சுருதியில்தான் நிற்கிறோமா என்று சரிபார்ப்பார். யாரும் பார்க்காத நேரத்தில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பரீட்சை அது. அந்தக் குரலின் சுத்தத்தைப் பற்றி நாம் பக்கம் பக்கமாகப் புகழ்கிறோம், ஆனால் அதற்குப் பின்னால் இருந்த இந்த உழைப்பைக் குழந்தைகளிடம் சொல்வதே இல்லை, 'தெய்வ அருள்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அருள் என்று சொன்னால் குழந்தைக்கு அதில் செய்ய ஒன்றும் இல்லை. சுருதியை நிறுத்திப் பார்ப்பதை அவளும் இன்றைக்கே செய்யலாம், வீட்டில் சுருதிப் பெட்டியோ போனில் ஒரு செயலியோ இருந்தால் போதும். புத்தகத்தில் தம்புராவின் ஒலி நிற்கிற இடத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுத்தே வேண்டாம், படம் மட்டும் இருக்கட்டும், பக்கத்தைத் திருப்பினால் மறுபடி தந்தி ஒலிக்கட்டும்.

பக்கக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். அச்சுத்தாள் மடிப்பை ஒட்டிப் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24, 32 பக்கம் என்று எட்டின் மடங்கில் வரும். நீங்கள் 24 எடுத்துக்கொண்டால், தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் போக, கதைக்குப் பத்து விரிபக்கம் (எதிரெதிரே விரியும் இரண்டு பக்கம்) கிடைக்கும். ஐந்நூறு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டுகிற வாக்கியத்தை உடையுங்கள்.

கேள்வி: எம்.எஸ். தேவதாசி மரபில் வந்தவர் என்பதைக் குழந்தைகள் புத்தகத்தில் எழுதலாமா? எங்கள் பள்ளி நூலகத்துக்கு வரும் புத்தகங்களில் அது இருப்பதே இல்லை.
– ஓர் ஆசிரியை, மதுரை

பதில்: எழுதலாம், எழுதவும் வேண்டும். 'எளிய குடும்பம்' என்று மழுப்புகிறபோது காணாமல் போவது சண்முகவடிவும் அக்கம்மாளும்தான். அந்தப் பெண்களின் வித்தையில்தான் குஞ்சம்மாவின் காது வளர்ந்தது. எம்.எஸ். என்ற முன்னெழுத்திலேயே மதுரையும் சண்முகவடிவும் இருக்கிறார்கள், அம்மாவின் பெயரை வாழ்நாள் முழுக்கத் தன் பெயரோடு வைத்திருந்தவரைப் பற்றிய புத்தகத்தில் அம்மாவை இரண்டு வரியில் கடந்துபோவது நியாயமில்லை.

ஏழு வயதுக்கு ஏற்ற மாதிரி சொல்ல வழி இருக்கிறது: 'அந்த வீட்டுப் பெண்கள் பாட்டையும் வீணையையும் தொழிலாகக் கொண்டவர்கள். ஊர் அவர்கள் இசையை ரசித்தது, ஆனால் அவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கவில்லை.' இதைப் புரிந்துகொள்ளாத குழந்தை இல்லை, நியாயம் அநியாயம் பற்றி அவர்களுக்கு நம்மைவிடக் கூர்மையான உணர்ச்சி உண்டு. தேவதாசி என்ற சொல்லையும், பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதை 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்ததையும், பின்பக்கத்தில் பெரியவர்களுக்கான குறிப்பாக வையுங்கள். பெரிய பிள்ளைகள் கேட்டால் ஆசிரியர் அங்கிருந்து பேசத் தொடங்கலாம்.

கேள்வி: கதைக்காக உரையாடல்களைக் கற்பனையாக எழுதலாமா?

பதில்: வேண்டாம். 'நீ உலகப் புகழ் பெறுவாய், கண்ணே' என்று அம்மா சொன்னதாக எழுதிவிட்டால், பத்து வருடம் கழித்தும் அந்தக் குழந்தை அதை வரலாறு என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பதிவாகி இருப்பதை வைத்து எழுதுங்கள், முகபாவத்தை ஓவியர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: கர்நாடக இசைக் கலைஞர்களை வரையும்போது கவனிக்க வேண்டியவை?
– ஓவியர், கோவை

பதில்: வாத்தியங்கள்! தம்புராவுக்கு வீணை மாதிரி மெட்டு (தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கும் குறுக்குக் கம்பிகள்) போட்டு வரைந்த படங்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. தம்புராவில் மெட்டே கிடையாது, நான்கு தந்தி மட்டும், நிமிர்த்திப் பிடிப்பார்கள். வீணைக்கு 24 மெட்டு, ஏழு தந்தி. நம் வயலின்காரர் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தின் மேல் சாய்த்து வாசிப்பார், அவரை நிற்க வைத்துத் தாடைக்கடியில் வயலினைச் செருகிவிடாதீர்கள். மிருதங்கத்தின் கறுப்பு வட்டம் வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில் இருக்கும். வாத்தியம் கற்கிற குழந்தை இதையெல்லாம் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: என் பேரனுக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். அவனுக்கு யாரைப் பற்றி எழுதலாம்?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: ஐயா, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைத் தவிர வேறு யார்? 1898-ல் பிறந்தவர், முதலில் வாய்ப்பாட்டு, அப்புறம்தான் நாகஸ்வரம். தோடி என்றாலே அவர் பெயர் சொல்கிற அளவுக்கு அந்த ராகத்தை வாசித்தார். குட்டையாகவும் கீச்சென்றும் இருந்த திமிரி நாயனத்தை விட்டு, நீளமும் ஆழ்ந்த ஒலியும் உள்ள பாரி நாயனத்தைப் பரவலாக்கியவர், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தாலே ஒரு விரிபக்கம் நிறைந்துவிடும். அவருக்குத் துணையாக ஒலித்த நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் இல்லாமல் புத்தகத்தை முடித்துவிடாதீர்கள். எழுதுவதற்கு முன்னால் பேரனைக் கூட்டிக்கொண்டு நரசிங்கம்பேட்டைக்குப் போய் வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தானே. ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், முடிந்தால் ஒரு சீவாளியை (நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற நுனி) அவன் கையில் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்று அவனே சொல்வான்.