தனி கிராபிக்ஸ் கார்டா, உள்ளேயே இருப்பதா? கேள்வி – பதில்

கேள்வி: லேப்டாப்பைத் திறக்காமலேயே தனி கிராபிக்ஸ் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அப்போது திறக்கும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால், இடது பட்டியலின் அடியில் ஜிபியு 0 என்று ஒரு வரி இருக்கும் (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் சிப்). இரண்டு சிப் உள்ள லேப்டாப்பில் ஜிபியு 1 என்றும் ஒன்று வரும். அதைச் சொடுக்கினால் வலது மேல் மூலையில் பெயர் தெரியும். அந்தப் பெயரைத்தான் நம்ப வேண்டும்.

இன்றைய விண்டோஸ் கணினிகளில் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் என்றிருந்தால் தனி சிப். இன்டெல் யுஹெச்டி என்றால் பிராசஸருக்குள்ளேயே இருப்பது. குழப்பம் ஏஎம்டியில்தான். ‘ரேடியான் கிராபிக்ஸ்’ என்று எண் இல்லாமல் மொட்டையாக இருந்தாலோ, 680எம், 780எம் என்று இருந்தாலோ அது பிராசஸருக்குள் இருப்பது. ஆர்எக்ஸ் 6600எம் தனி சிப். ஆக, கடைசியில் வரும் ‘எம்’ என்ற எழுத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்டெல் ஆர்க் என்ற பெயரும் இரண்டு பக்கமும் உண்டு: ஏ750, பி580 தனி கார்டுகள், வெறும் ‘ஆர்க் கிராபிக்ஸ்’ என்றால் பிராசஸரோடு வருவது.

கேள்வி: டிஸ்ப்ளே அமைப்பில் 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி என்று காட்டுகிறது. அப்படியானால் 4 ஜிபி கார்டுதானே?

அந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். அங்கே தெரிவது மொத்தக் கணக்கு. கணினியின் ரேமிலிருந்து தேவைப்பட்டால் கடன் வாங்கக்கூடிய அளவும் அதில் அடங்கும். விண்டோஸ் வழக்கமாக ரேமில் பாதியை இதற்கு அனுமதிக்கிறது. 8 ஜிபி ரேம் இருந்தால் ஏறக்குறைய 4 ஜிபி வந்துவிடும்.

டாஸ்க் மேனேஜரில் அதே ஜிபியு பக்கத்தின் அடியில் டெடிகேட்டட் (கிராபிக்ஸுக்கென்றே ஒதுக்கியது), ஷேர்டு (ரேமிலிருந்து பகிர்வது) என்று இரண்டு கணக்கும் தனித்தனியாக இருக்கும். இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் டெடிகேட்டட் அளவு பெரும்பாலும் 128 எம்பிதான். ஆனால் ஏஎம்டி பிராசஸர்களில் பயாஸே (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் மென்பொருள்) 512 எம்பி அல்லது 2 ஜிபி ரேமை ஒதுக்கிவைத்துவிடும். அதுவும் டெடிகேட்டட் என்றே காட்டும். செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைப் பாருங்கள். ரேம் 8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 5.9 ஜிபி என்பதுபோல் இருந்தால் காணாமல்போன 2 ஜிபி அங்கேதான் போயிருக்கிறது.

கேள்வி: டெஸ்க்டாப்பில் புதுக் கார்டு போட்டேன். கேம் முன்புபோலவே திணறுகிறது.

முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். கேபினட்டின் பின்புறம் யுஎஸ்பி, ஆடியோ துளைகளோடு சேர்ந்திருக்கும் ஹெச்டிஎம்ஐ மதர்போர்டுடையது. அதற்குக் கீழே, தனித் தகட்டில் படுக்கை வாட்டில் இருப்பவைதான் கார்டின் போர்ட்கள். கேபிளை அங்கே மாற்றிச் செருகுங்கள். டாஸ்க் மேனேஜரில் கார்டின் பெயரே வரவில்லையென்றால் 6 பின் அல்லது 8 பின் பவர் கேபிள் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லாட் வழியாக 75 வாட் வரைதான் கிடைக்கும். அதற்கு மேல் இழுக்கும் கார்டு அந்த கேபிள் இல்லாமல் இயங்காது.

கேள்வி: கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு ஹெச்டிஎம்ஐயில் செருகினால் திரை கருப்பாகவே இருக்கிறது. மதர்போர்டு போய்விட்டதா?

போர்ட் இருப்பதால் மட்டும் கிராபிக்ஸ் இருப்பதாகாது. படத்தை உருவாக்குவது பிராசஸர். இன்டெல்லில் 12400எஃப் போல ‘எஃப்’ சேர்ந்த மாடல்களிலும், ரைசன் 5600, 5600எக்ஸ், 7500எஃப் ஆகியவற்றிலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. பிராசஸர் மாடலைச் சரிபார்க்காமல் மதர்போர்டை மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ஜிபியு 1 எப்போதும் 0 சதவீதம். பழுதா?

பெரும்பாலும் இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்த, சாதாரண வேலையை உள் கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளும். தனி சிப் தூங்கும். கேம் ஓடும்போதும் 0 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், அந்த கேமைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுங்கள். கேமை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

கேள்வி: டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று மட்டும் இருக்கிறது.

சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளான டிரைவர் இல்லை என்று பொருள். எந்த சிப் என்பது இந்தப் பெயரிலிருந்து தெரியாது. லேப்டாப் என்றால் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கான டிரைவரை எடுங்கள்.

கேள்வி: உள் கிராபிக்ஸ்தான் என்று உறுதியாகிவிட்டது. வேகத்தைக் கூட்ட வழி?

ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இன்னொன்றைச் சேர்த்துவிடுங்கள். உள் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்லாததால் ரேமின் வேகமே அதன் வேகம். டிடிஆர்4 3200 வகை ரேம் குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு என்றால் 51.2. இன்டெல்லின் உள் கிராபிக்ஸான ஐரிஸ் எக்ஸ்இ இருக்க வேண்டிய லேப்டாப்பில் ஒரே குச்சி இருந்தால் டிரைவர் அதை வெறும் ‘யுஹெச்டி’ என்றே காட்டும். இரண்டாவது குச்சி ஏறியதும் பெயரும் மாறிவிடும்.