வெளிநாட்டில் நம் ஊர் சார்ஜர் வேலை செய்யுமா? அடாப்டர் மட்டும் போதுமா?

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் நாலு நாள், அங்கிருந்து அமெரிக்காவில் அக்கா வீட்டுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். போன், லேப்டாப் சார்ஜர்களுக்கு அடாப்டர் போதுமா, வோல்டேஜை மாற்றுகிற டிரான்ஸ்ஃபார்மரும் வாங்க வேண்டுமா என்பது கேள்வி. போனுக்கும் லேப்டாப்புக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். ஆனால் பெட்டியில் வேறு என்னென்ன போகிறது என்று பார்க்காமல் அடாப்டர் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். குறுவை நடவு சமயத்தில் மும்முனை கரண்ட் விட்டதும் சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டெல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும். வீட்டில் ஃபேன் தளர்ந்து சுற்றும். பழைய டியூப்லைட் மினுக்கிக்கொண்டே கிடக்கும். ஃபிரிட்ஜை ஸ்டெபிலைசர் நிறுத்திவிடும். போன் மட்டும் எப்போதும்போல சார்ஜ் ஏறும், கவனித்திருப்பீர்கள். சார்ஜருக்குள் வரும் கரண்டை முதலில் டிசியாக (ஒரே திசையில் ஓடும் கரண்டாக) மாற்றி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, போனுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொடுக்கிற சர்க்யூட் இருக்கிறது. உள்ளே வருவது 100 வோல்ட்டா 240 வோல்ட்டா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நம் ஊர் லோ வோல்டேஜைத் தாங்குகிற அதே குணம்தான் அமெரிக்காவின் 120 வோல்ட்டிலும் ஜப்பானின் 100 வோல்ட்டிலும் அதை வேலை செய்ய வைக்கிறது. சிங்கப்பூரில் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே பின்னின் வடிவம் மட்டும்தான் வேறு.

அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மாற்றிக் கொடுக்கிற பொருள், அவ்வளவுதான். வோல்டேஜை அது தொடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நாங்கள் ஏமாற இருந்தோம். அம்மாவுக்கு வீசிங் உண்டு. நியூஜெர்சியில் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பும்போது நெபுலைசர் மெஷினைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி எனக்கு ஒரு சந்தேகம் வந்து, அதை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிற ஸ்டிக்கரில் கடுகளவு எழுத்து. போன் கேமராவில் படம் பிடித்துப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிந்தது: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதோடு முடிந்தது. 100-240 என்று இல்லை. "என்னடா போட்டிருக்கு?" என்று அம்மா கட்டிலிலிருந்தே கேட்டார். அங்கே அடாப்டர் போட்டுச் செருகியிருந்தால் கரண்ட் போயிருக்கும், ஆனால் மோட்டாருக்கு ஏறக்குறைய பாதி வோல்டேஜ்தான் கிடைத்திருக்கும். மருந்துப் புகை ஒழுங்காக வந்திருக்காது. நடுராத்திரியில் மூச்சுத் திணறும்போது அதைக் கண்டுபிடிப்பதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. உடனே தங்கச்சிக்குச் சொன்னேன், அங்கேயே 120 வோல்ட் மெஷின் வாங்கி வைத்தாள். வழிக்கு டாக்டரிடம் கேட்டு இன்ஹேலர் எடுத்துக்கொண்டோம்.

அதனால் அப்பா அம்மா பயன்படுத்துகிற மருத்துவச் சாதனம் எதுவானாலும் அதன் ஸ்டிக்கரை முதலில் படியுங்கள். "இன்புட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100-240, 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் எந்த நாட்டுக்கும் போகலாம்.

சூடாக்குகிறவை, மோட்டார் ஓடுகிறவை எதையும் அமெரிக்காவுக்கு எடுத்துப் போகவே வேண்டாம். நம் கெட்டில் அங்கே கால்பங்கு சூடுதான் கொடுக்கும். திரும்பி வரும்போது இன்னும் மோசம். தங்கச்சி அங்கிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் ஹேர் ஸ்ட்ரெயிட்டனரை இங்கே செருகியதும் கருகிய வாசனையோடு உயிரை விட்டது. வோல்டேஜ் இரண்டு மடங்கு என்றால் சூடு நாலு மடங்கு. நம் மிக்ஸியும் அமெரிக்காவில் ஒழுங்காக ஓடாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் 750 வாட் மிக்ஸிக்கு அது செங்கல் கனம் இருக்கும். நம்ம மாதிரி மிக்ஸி அந்த ஊர் வோல்டேஜுக்கே அங்கே கிடைக்கிறது.

சரி, சிங்கப்பூர். அங்கே மூன்று தட்டைப் பின். மலேசியா, துபாய், குவைத், கத்தார், ஓமனிலும் இதேதான், ஒரு அடாப்டர் எல்லாவற்றுக்கும் ஆகும். நான் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது தொழிலாளர் டார்மிட்டரியில் தினமும் ஒன்றைப் பார்ப்பேன். மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தி, கீழே நம் ரெண்டு பின் சார்ஜரை அழுத்திவிடுவார்கள். கீழ் ஓட்டைகளை மூடியிருக்கும் தடுப்பு, நீளமான எர்த் பின் உள்ளே போனால்தான் திறக்கும். குழந்தைகள் எதையாவது விட்டுவிடக் கூடாது என்று வைத்தது. பேனா அதைத் திறந்துவிடும். ஆனால் உருண்டைப் பின் அந்த ஓட்டையில் லூசாக நின்று சூடாகும், பொறி தெறிக்கும். அந்த ஊர் பிளக்குக்குள் இருக்கிற ஃப்யூஸும் இதில் கிடையாது. என் பக்கத்துக் கட்டில் தம்பியின் சாக்கெட் ஒரு ஓரம் பழுப்பேறி உருகியே போயிருந்தது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் சில வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) அடாப்டர் கிடைக்கும், சேஃப்டி மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அமெரிக்காவுக்கு லேப்டாப் என்றால் நான் அடாப்டரையே சொல்ல மாட்டேன். சார்ஜரின் கனமான கட்டையிலிருந்து சுவருக்குப் போகிற ஒயர் பெரும்பாலும் தனியாகக் கழன்று வரும். அந்த ஒயரை மட்டும் அங்கத்திய மூன்று பின்னோடு வாங்கிவிடுங்கள். எர்த் கிடைக்கும். எர்த் இல்லாத அடாப்டரில் போட்டால் மெட்டல் லேப்டாப்பில் கை வைக்கும்போது சுருசுருவென்று இருக்கும்.

அப்புறம், பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட் அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு), 100 வாட் அவர் வரை பிரச்சினை இல்லை. விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே சில கம்பெனிகள் இப்போது விடுவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்து அப்படித்தான். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போனை முழுசாக சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

ஏதாவது ஸ்டிக்கர் படிக்க முடியாமல் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.