பென்சில் தேதிகள்

கேள்வி: என் அப்பாவைப் பெற்ற பாட்டி, திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர், போன வருடம் காலமானார். தன் வேதபுஸ்தகத்தையும் பிடியரிசிப் பானையையும் எனக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் கணவர் இந்து. மகளுக்கு ஏழு வயது. நான் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிறவள். "அம்மா முழங்காலில் நின்ற ஜெபத்தையெல்லாம் நீ வீணாக்கிட்ட" என்று சித்தப்பா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் பாட்டி பென்சிலால் தேதி எழுதி வைத்திருக்கும் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே கூசுகிறது. அத்தை மகளிடம் கொடுத்துவிடட்டுமா?
– சென்னை வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் வருடத்துக்கு இரண்டு முறைதான் கோயிலுக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் பாட்டிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எந்தப் பேரன் ஆராதனைக்கு மட்டம் போட்டான் என்பது அந்த ஊர்ப் பாட்டிமாருக்குப் பிரசங்கம் முடிவதற்குள் தெரிந்துவிடும். தெரிந்துதான் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

சித்தப்பாவுக்கான பதில் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு தீமோத்தேயு, முதல் அதிகாரம், ஐந்தாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பவுல் அப்போஸ்தலன் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதம் அது. அவனுடைய விசுவாசத்தைப் பற்றிப் பேச வந்த பவுல், அது முதலில் அவன் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பெயர் சொல்லி எழுதுகிறார். அந்த வீடும் உங்கள் வீடு மாதிரிதான். தாய் விசுவாசி, தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16-ல் வருகிறது. அந்த விசுவாசத்துக்குப் பவுல் கொடுக்கும் அடைமொழியைக் கவனியுங்கள்: "மாயமற்ற". வேஷம் இல்லாதது. சித்தப்பாவின் வாயை அடைப்பதற்காக நாளை ராத்திரியே குடும்ப ஜெபம் நடத்த உட்கார்ந்தீர்கள் என்றால், பாட்டியிடம் இல்லாத ஒன்றைத்தான் மகளுக்குக் கற்றுக்கொடுப்பீர்கள்.

வேஷம் போடாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்தப் பானை.

உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொடுப்பதுதான் பிடியரிசி. மூட்டையில் மிஞ்சியதை அள்ளிக் கொடுப்பதில்லை. அந்த வேளைக்கென்று அளந்ததிலிருந்து எடுப்பது. வீடு ஒரு பிடி குறைவாகச் சாப்பிடும், அவ்வளவுதான். கையில் காசு புழங்காத பெண்கள் யாரிடமும் கேட்காமல் கொடுக்க முடிந்த காணிக்கை அது. 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அப்படிக் கொடுத்துப் பழகிய ஊர்களிலிருந்து வந்தவர் உங்கள் பாட்டி.

உங்கள் அடுப்படியிலும் அந்தப் பானை இருக்கட்டும். தினமும் மகள் ஒரு பிடி போடட்டும்; உங்கள் கணவரும் தாராளமாகப் போடலாம். சின்னக் கை, நிறைய நாளாகும். ஆகட்டுமே. நிறைந்ததும் யாருக்குக் கொடுப்பது என்று மூன்று பேரும் சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள். அரிசி போட்டதால் விசுவாசம் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் பாட்டியே என்னைத் திருத்துவார்.

இனி அந்தப் புத்தகம். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். நாளானால் பசை மஞ்சளாகித் தாளைக் கெடுத்துவிடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பென்சில் குறிப்புள்ள பக்கங்களையெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதிகளைப் பார்த்துக் கூசுகிறது என்கிறீர்கள். அவை உங்களைக் குற்றம் சாட்ட எழுதியவை அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல், மகளுக்குப் பிரசவம், பேரனுக்குப் பரீட்சை என்று வரும்போது கடவுள் வாக்குக் கொடுப்பதாக வரும் ஒரு வாக்குத்தத்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பதும், ஓரத்தில் அன்றைய தேதியைக் குறிப்பதும் அந்தத் தலைமுறையில் பலருக்குப் பழக்கம். உங்கள் பிறந்தநாள், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாள், கல்யாண நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். கல்யாண நாளில் எந்த வசனம் இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

உங்களுக்குப் பிடிபடாத தேதிகள் நிறைய இருக்கும், நீங்கள் பிறப்பதற்கு முந்தியவை. அவற்றைச் சொல்லக்கூடியவர் சித்தப்பாதான். கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அவரைப் போனில் கூப்பிடுங்கள். "சித்தப்பா, இந்தத் தேதியில நம்ம வீட்ல என்ன நடந்துச்சு?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நாலைந்தாவது அவரைப் பற்றியதாகவே இருக்கலாம்.